உன் நிறத்துக்கு வைத்த வெளிச்சம்

இன்று காலை ஒரு பெட்டி வந்தது. ஃபிளாஷ் மேல் மாட்டுகிற புது டிஃபியூசர். மடித்தால் கைப்பைக்குள் போய்விடும், விரித்தால் ஒரு முறத்தின் அகலம் வரும். பிரித்ததும் புது ரப்பரும் பிளாஸ்டிக்கும் கலந்த அந்த வாசனை எழுந்தது. இந்த வாசனைக்கு நீ முதலில் மூக்கைச் சுளிப்பாய். பிறகு உள்ளே இருக்கும் பொருளை விட்டுவிட்டுப் பெட்டியைப் படிக்க ஆரம்பிப்பாய். நானும் பெட்டியைப் படித்தேன். பக்கவாட்டில் ஒரே பெண்ணின் இரண்டு படங்கள். ஒன்று டிஃபியூசர் இல்லாமல் எடுத்தது, மற்றது மாட்டி எடுத்தது. முதல் படத்தில் அவள் மாநிறம். இரண்டாவதில் பாலில் முக்கி எடுத்ததுபோல் வெளுத்திருந்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒளியைப் பரப்புகிற ஒரு துண்டுத் துணி யாரையாவது வெளுக்குமா? நிழலின் ஓரம் மெல்லக் கரையும். நெற்றியில் பளிச்சென்று தெறிக்கும் வெள்ளைப் புள்ளி அகன்று அடங்கும். மூக்கின் நிழல் கன்னத்தில் கீறல்போல் விழாது. அது செய்வது அவ்வளவுதான். தோல் எந்த நிறமோ அந்த நிறமாகவே இருக்கும். செய்து விற்கிறவர்களுக்கு இது தெரியாமலா இருக்கும்? தெரிந்துதான் அச்சடிக்கிறார்கள். நீ இருந்திருந்தால், "இது டிஃபியூசரா, மூஞ்சிக்குப் பூசுற கிரீமாடி?" என்று கேட்டுவிட்டு, அந்தப் பக்கத்தைக் கிழித்து எனக்கு முன்னால் வைத்திருப்பாய்.

நீ போய் ஓராண்டாகிவிட்டது. சென்ற மாதம் உட்லண்ட்ஸில் உன் வீட்டில் முதல் வருடப் பூசையும் நடந்தது. அதற்கு முன்பும் அன்றைக்கும் நடந்ததை உனக்குச் சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நான் யாரிடமும் அதிகம் பேசுகிறவள் அல்ல என்று உனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

வார நாட்களில் நீ கப்பல் சரக்கு அலுவலகத்தில், நான் பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்த்துக்கொண்டு. சனி ஞாயிறானால் இரண்டு பேரும் கேமராப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவோம். நிச்சயதார்த்தம், வளைகாப்பு, காதுகுத்து. பெரிய கல்யாணங்களுக்குப் பெரிய ஆட்கள் இருந்தார்கள். நமக்கு வந்ததெல்லாம் வீட்டுக் கூடத்திலும் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்திலும் நடக்கிற விசேஷங்கள். நாம் முதலில் வாங்கியதும் எல்லாரும் வாங்குகிற அந்த வெள்ளைப் பிளாஸ்டிக் குல்லாதான். ஃபிளாஷின் தலையில் மாட்டினால் ஒளி மென்மையாகிவிடும் என்று நம்பினோம். வீடுகளில் ஆகவும் செய்தது. கூரை தாழ்வு, சுவர் வெள்ளை, போன ஒளி எல்லாப் பக்கமும் பட்டுத் திரும்பி வந்தது. அதை நாம் குல்லாவின் மகிமை என்று நினைத்துக்கொண்டோம்.

கோயில் மண்டபத்தில் நடந்த ஒரு நிச்சயதார்த்தத்தில் குட்டு வெளிப்பட்டது. கூரை எங்கோ உயரத்தில் இருந்தது. அதுவும் பச்சையும் ஆரஞ்சுமாகப் பூசியிருந்தார்கள். குல்லா போட்டும் எல்லார் முகத்திலும் எண்ணெய் வழிந்தது, பின்னால் கறுகறுவென்று நிழல். கேமராவின் திரையைப் பார்த்துவிட்டு நீ சொன்னாய்: "வெளிச்சம் மேல போய் சாமி கும்பிட்டுட்டு அங்கயே பிரசாதம் வாங்க நின்னுடுச்சு லா." மண்டபத்தில் அந்த இடத்தில் சிரித்ததற்காக மாப்பிள்ளையின் பெரியப்பா என்னை முறைத்தார். வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் நீயே கணக்கு முடித்தாய். "பெருசா இருக்கணும், பக்கத்துல இருக்கணும். மத்ததெல்லாம் விளம்பரம்."

பெரியதாக என்ன இருக்கிறது என்று தேடித்தான் உன் அண்ணனின் வேட்டியை எடுத்தாய். துணி காயப்போடும் மூங்கில் கழியை இரண்டாக வெட்டி, இடையில் வேட்டியைக் கட்டி, அதற்குப் பின்னால் ஃபிளாஷை வைத்தோம். புக்கிட் பாத்தோக்கில் ஒரு நிச்சயதார்த்தம் அது. ஒளி என்னவோ கேட்டது போலவே வந்தது, அகலமாக, முகத்தைத் தடவிக்கொண்டு. ஆனால் மணப்பெண்ணின் முகத்தில் லேசாக ஒரு நீலம். நான் கேமராவின் எல்லா அமைப்புகளையும் மாற்றிப் பார்த்தேன். நீ வேட்டியை முகர்ந்து பார்த்தாய்.

"எங்கம்மா நீலம் போட்டுத் துவைச்சிருக்காங்க டி. பொண்ணு கிருஷ்ணாவதாரம் எடுத்துட்டா."

நீலம் போடாமல் ஒரு வேட்டி வேண்டும் என்று நீ கேட்டபோது உன் அம்மா, "பழுத்த வேட்டியக் கட்டிட்டு அவன் கோயிலுக்குப் போனா வீட்டுல பொம்பள இல்லையான்னு கேப்பாங்க" என்று மறுத்தாராம். கடைசியில் கரையில்லாத ஒரு பழைய வேட்டியைத் தனியாக எடுத்து, நீயே வெறும் தண்ணீரில் அலசி அலசி நீலத்தைப் போக்கினாய். அதன் பிறகு எத்தனையோ டிஃபியூசர்களை வாங்கிப் பார்த்தோம். அந்த வேட்டிக்குப் பக்கத்தில் ஒன்றும் நிற்கவில்லை.

இன்னொன்றும் அந்தக் காலத்தில்தான் தொடங்கியது. வண்ணப் படச்சுருள் இருந்த நாட்களில், கழுவுகிற கூடங்களில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தை வைத்துத்தான் நிறம் சரியா என்று பார்ப்பார்கள் என்று நான் எங்கோ படித்ததை உனக்குச் சொன்னேன். அவள் முகம் சரியாக வந்தால் உலகத்தில் எல்லார் முகமும் சரி என்று பொருள். நீ தோசையைப் பிய்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாய். "அப்ப இனிமே நம்ம கடைக்கு அந்தப் படம் நான்தான். என் முகத்துல சரியா வந்துச்சுன்னா அப்புறம் யாரு வேணா வந்து உட்காரட்டும்" என்றாய்.

அன்றிலிருந்து மணப்பெண் வருவதற்கு முன்னால் அவள் நாற்காலியில் நீ போய் உட்காருவாய். கழுத்தில் கேமரா வார், கறுப்புச் சட்டை, மோவாய்க்குக் கீழே நிறம் பார்க்கும் சாம்பல் அட்டை. நான் வேட்டியை ஒரு முழம் நகர்த்துவேன், ஃபிளாஷைக் கூட்டுவேன், குறைப்பேன். ஃபிளாஷ் நேராக அடித்தால் உன் கன்னமும் நெற்றியும் வெறும் பளபளப்பாகப் போகும், மீதி முகம் இருட்டில் விழுந்துவிடும். பார்க்கிறவர்கள் அதைத்தான் 'கறுப்பு முகம் படத்தில் எடுபடாது' என்பார்கள். வேட்டியை நெருக்கி, சற்றுப் பக்கவாட்டில் வைத்தால் அதே பளபளப்பு விரிந்து கன்னத்து மேட்டையும் தாடையின் வளைவையும் வரைந்து காட்டும். இடது புருவத்தை வெட்டிப்போகும் தழும்பு, மேலுதட்டின் மேல் நீ ஒருபோதும் கவலைப்படாத பூனைமயிர், எல்லாம் தெரியும். எடுபடாதது முகம் அல்ல, ஒளி வைக்கத் தெரியாத கைதான் என்று எனக்குத் தெரிந்தது அப்படித்தான்.

மணப்பெண்களின் அம்மாக்கள் வந்து காதோடு, "கொஞ்சம் கலரா எடுத்துக் குடும்மா" என்பார்கள். எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். நீதான், "கலர்லதான் ஆன்ட்டி எடுக்கிறோம். கறுப்பு வெள்ளையெல்லாம் உங்க காலத்தோட போச்சு" என்று உரக்கச் சொல்லி, பெண்ணைப் பார்த்துக் கண்ணடிப்பாய். அந்தப் பெண்கள் அப்போது சிரித்த சிரிப்புகள்தான் நாம் எடுத்தவற்றிலேயே நல்ல படங்கள்.

இத்தனையும் செய்தவளை என்ன செய்தார்கள் என்று கேள்.

நோய் உன்னைச் சில வாரங்களில் கொண்டுபோய்விட்டது. உங்கள் புளோக்கின் கீழே பந்தல் போட்டிருந்தார்கள். நான் போனபோது முன்னால் ஒரு பெரிய படம் மாலையோடு நின்றது. யாரோ ஒரு பெண். சிவப்புப் பட்டுப் புடவை, பின்னால் நீல வானம், கோதுமை நிறம், புருவங்கள் வில்போல் முழுதாக. வேறு வீட்டுப் பந்தலுக்கு வந்துவிட்டேன் என்று நினைத்து நான் திரும்பிவிட்டேன். உண்மையாகத்தான் சொல்கிறேன், தூணில் எழுதியிருந்த புளோக் எண்ணைப் பார்த்த பிறகுதான் மறுபடி உள்ளே வந்தேன். உன் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். நான் அவர் தோளுக்கு மேலே அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகையே வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. மண்டாய் தகனச்சாலை போகும்வரை அது அடங்கவில்லை. வண்டியில் முன்னால் அந்தப் பெண் போனாள், பின்னால் உன்னைக் கொண்டுபோனார்கள்.

சில வாரம் கழித்துத் தேக்காவில் அந்தப் படத்தைச் செய்த கடையைக் கண்டுபிடித்துப் போனேன். பூக்கடைகளைத் தாண்டி ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. கடைக்காரர் மரியாதையான மனிதர்தான், தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். உன் படத்தைக் கணினியில் தேடி எடுத்தார். யாரோ ஒருவர் கல்யாணத்தில் எடுத்த கூட்டப் படத்திலிருந்து உன் தலையை மட்டும் வெட்டியிருந்தார்.

"புடவை யாரோடதுங்க?" என்று கேட்டேன்.

"அது எங்ககிட்டயே இருக்கும்மா. பொம்பளைங்களுக்குப் பட்டு, ஆம்பளைங்களுக்குக் கோட்டு. தலைய மட்டும் வச்சா போதும்."

"நிறத்த ஏன் மாத்துனீங்க? அவங்க வீட்டுல கேட்டாங்களா?"

"கேக்கணுமா என்ன? எல்லாருக்கும் செய்யறதுதான். தனியா அதுக்குக் காசு கூட வாங்குறதில்ல." என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "செத்தவங்களுக்கு ஒரு மரியாதைதானம்மா."

மரியாதை. அந்தச் சொல்லை அவர் கொஞ்சமும் கூசாமல் சொன்னார். கெட்ட எண்ணமே இல்லாமல் சொன்னார். கெட்ட மனிதர் என்றால் திட்டிவிட்டு வந்திருப்பேன். உன் புருவத்தில் கிடந்த தழும்பு பள்ளியில் பூப்பந்து மட்டையால் நீ வாங்கியது. அதை ஒருவர் பரு என்று நினைத்துத் துடைத்துவிட்டு, மரியாதை செய்தேன் என்கிறார். தெருவில் இறங்கி நடந்தேன். தங்கக் கடைகளின் பெயர்ப்பலகையில், புடவைக் கடைகளின் கண்ணாடிக்குப் பின்னால், எத்தனை முகங்கள், அத்தனையும் அவர் கடையில் செய்தவை போலவே இருந்தன. அந்தத் தெருவில் நடக்கிற நம்மில் எத்தனை பேருக்கு அந்த நிறம்?

உன் வீட்டில் நல்ல படமே இல்லை என்பதும் உண்மை. எப்போதும் கேமராவுக்குப் பின்னால் நின்றவள் நீ. பூசை நெருங்கியபோதுதான் எனக்கு உறைத்தது, நீ இருக்கிற படங்கள் முழுவதும் என்னிடம்தான் இருக்கின்றன. ஒளி பார்க்க எடுத்தவை. மெமரி கார்டிலிருந்து எல்லாவற்றையும் அப்படியே கணினியில் கொட்டி வைக்கிற என் வழக்கத்தால் அவை அழியாமல் கிடந்தன. ஒவ்வொரு விசேஷத்தின் முதல் சில படங்களும் நீ. குல்லாவின் ஒளியில் நீ, கூரையில் பட்டு வந்த ஒளியில் நீ, நீல வேட்டிக்கு முன்னால் சிரிப்பை அடக்கிக்கொண்டு நீ. உலகத்தில் எந்த அழகியையும் இவ்வளவு பொறுமையாக, இத்தனை விதமான ஒளியில் யாரும் எடுத்திருக்க மாட்டார்கள் என்று தோன்றியது.

ஒன்றை எடுத்தேன். பாதி திரும்பி, சாம்பல் அட்டையை மடியில் போட்டுவிட்டு, என்னிடம் ஏதோ சொல்ல வாயெடுக்கிறாய். பிரிண்ட் போடுகிற இடத்தில் கௌண்டரில் இருந்த சீன இளைஞர் திரையைப் பார்த்துவிட்டு, ரொம்ப இருட்டாக இருக்கிறதே, வெளிச்சமாக்கிவிடட்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். வேண்டாம் என்றேன். இயந்திரம் தானாகவே செய்துவிடும் என்றார். அப்படியானால் அதை அணைத்துவிடுங்கள் என்றேன். அணைக்க முடியுமா என்று உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்தார். உன்னை உன் நிறத்தில் வாங்குவதற்கு ஓர் இயந்திரத்தோடும் நான் வழக்காட வேண்டியிருந்தது.

சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு உட்லண்ட்ஸுக்குப் போனேன். கூடத்தில் அந்தப் பட்டுப்புடவைப் பெண் மின்விளக்கு மாலையோடு இருந்தாள். உன் அண்ணன்தான் உறையைப் பிரித்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இத ஹால்ல வைக்க முடியாதும்மா. ஜோகூர்லேர்ந்து எல்லாரும் வருவாங்க."

"வந்தா என்னண்ணா? அவங்க பார்க்காத முகமா?"

"அதில்ல லா. பூசைக்குன்னு ஒரு படம் இருக்குல்ல. அது கொஞ்சம் லட்சணமா..."

"அப்ப இது லட்சணம் இல்லையா?" என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. இந்த வீட்டில் நான் குரலை உயர்த்தியதே கிடையாது.

உன் அம்மா படத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார். "கடைக்காரர் கேக்காம செஞ்சாருதான். ஆனா காட்டுனப்ப நானு வேணாம்னு சொல்லல கண்ணு. எத்தன பேரு பொண்ணு பாக்க வந்தாங்க. டீயக் குடிச்சிட்டு, போய்ச் சொல்லியனுப்புறோம்னு போனாங்க. ஒருத்தனும் சொல்லியனுப்பல. போறப்பவாச்சும் யாரும் ஒரு சொல் சொல்லாம இவ போகட்டும்னு நெனச்சேன்."

நீ அதை எனக்கு எப்போதும் வேடிக்கையாகத்தான் சொல்லியிருக்கிறாய். "நேத்து நம்ம வீட்டு டீ நல்லா இருந்துச்சாம், பொண்ணுதான் கொஞ்சம் ஸ்ட்ராங்காம்" என்று. நானும் சிரித்தேன். நீ சிரித்துவிட்டு அலுவலகம் போனாய். கேட்டுக்கொண்டு வீட்டில் இருந்தவர் உன் அம்மா. அவர்மேல் எனக்கிருந்த கோபம் அந்த இடத்தில் நின்றது. ஆனால் தணியவில்லை. டீயைக் குடித்துவிட்டுப் போன அத்தனை பேர்மேலும் திரும்பிற்று. ஒரு தாய் தன் பிள்ளையின் முகத்தை வேறு ஒன்றாக்கி அனுப்பினால்தான் நிம்மதி என்று நினைக்கும்வரை அவரைக் கொண்டுபோய் நிறுத்தியவர்கள் அவர்கள். அவர்களில் சிலர் பூசைக்கும் வரப்போகிறவர்கள்.

அம்மா படத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனார். அலமாரிக் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. உன்னை மறுபடியும் உள்ளே வைத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே படி இறங்கினேன்.

பூசையன்று போகவேண்டாம் என்றுதான் இருந்தேன். கால் கேட்கவில்லை. கூடம் நிறைந்திருந்தது. ஜோகூரிலிருந்து உன் சித்தி குடும்பம் விடியற்காலையிலேயே எல்லைப் பாலத்தில் வரிசையில் நின்று வந்திருந்தார்கள். பட்டுப்புடவைப் பெண்ணுக்கு முன்னால் இலை போட்டுப் படையல் வைத்தார்கள். உனக்குப் பிடித்த நெத்திலிச் சம்பால்கூட இருந்தது. கற்பூரம் ஏற்றப் போகும்போது உன் அம்மா, "கொஞ்சம் இருங்க" என்றார். அறைக்குள் போய் உன் படத்தோடு வந்தார். அந்தப் பெண்ணின் படத்தைச் சுவரோரம் தள்ளி வைத்துவிட்டு, இலைக்கு நேர் எதிரே உன்னை நிறுத்தினார். பேச வாயெடுத்தபடி நீ எங்களைப் பார்த்தாய்.

சித்திதான் ஆரம்பித்தார். "ஏன்க்கா, அதுதானே நல்லா இருக்கு? இதுல ரொம்பக் கறுப்பாத் தெரியுது பிள்ள."

உன் அம்மா புடவைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "அது கடைக்காரன் பெத்தது. இது நான் பெத்தது. நீ கற்பூரத்தக் கொளுத்து."

நான் சமையலறைக்குள் போய்விட்டேன். ஓராண்டாக வராத அழுகை அங்கே, ஊறுகாய்ப் பாட்டில்களுக்கு முன்னால் வந்தது.

எல்லாம் நல்லபடி முடிந்துவிட்டது என்று உனக்குப் பொய் சொல்லமாட்டேன். அந்தப் பெண்ணின் படம் இன்னும் அந்தக் கூடத்தில்தான் இருக்கிறது, சுவரோரமாக. எடுத்துவிட உன் அம்மாவுக்கு மனம் வரவில்லை. புறப்படும்போது உன் அண்ணன் மின்தூக்கிவரை கூட வந்தார். தயங்கித் தயங்கி, "அந்த ஃபோட்டோவ எனக்கு அனுப்புறியாம்மா? போன்ல வச்சுக்கிறேன்" என்றார். சரி என்றேன். கதவு மூடப் போகையில், "லேசா... ரொம்ப இல்ல, லேசா பிரைட் பண்ணி" என்றார்.

"முடியாதுண்ணா."

அவர் திகைத்துப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டார். கீழே வருவதற்குள் அப்படியே அனுப்பிவிட்டேன். அவர் அதை வைத்துக்கொண்டாரா, தாமே வெளுத்துக்கொண்டாரா, தெரியாது.

ஓராண்டு ஆயிற்றே, கோபத்தை விடு என்று சொல்கிறார்கள். துக்கத்தை அலுவலகத்தில் சில மணி நேரமாவது இறக்கி வைக்க முடிகிறது. கோபம் அப்படி இல்லை, வேலைக்குக் கூடவே வருகிறது. நேற்று பாசிர் ரிஸிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். வளைகாப்பு. நாள், நேரம், இடம் எல்லாம் பேசி முடித்தபின் போனை வைக்காமல் நின்றாள். என்ன என்று கேட்டேன். "அக்கா, ஒண்ணு சொல்லிடுறேன். நான் கொஞ்சம் டார்க். பரவாயில்லையா?"

வயிற்றில் பிள்ளையோடு இருக்கிற ஒருத்தி, தன்னைப் படம் பிடிக்கலாமா என்று என்னிடம் அனுமதி கேட்கிறாள். முன்பென்றால் இந்த இடத்தில் போனை உன்னிடம் நீட்டியிருப்பேன். நேற்று நானே பேசினேன். உன் அளவுக்கு வேடிக்கையாகப் பேச வரவில்லை, குரல் கொஞ்சம் கடுமையாகவே இருந்திருக்கும்.

"யாரும்மா உங்கள அப்படிக் கேக்க வச்சது?" என்றேன். "அவங்களையும் அன்னைக்கு வரச் சொல்லுங்க."